மீன் உண்டு, குடிதண்ணீர் படகில் வரும்: ஆப்போ தீவு என்ற பிலிப்பைன்ஸ் கிராமம்

பிலிப்பைன்ஸில் ஒரு சின்ன கிராமத்தின் சமூக அமைப்பு எப்படி இருக்கும், ஜனங்கள் எதை வைத்துப் பிழைக்கிறார்கள், வீடு, தண்ணீர், பள்ளி, மருத்துவம் எல்லாம் என்ன நிலையில் இருக்கின்றன என்று கேட்டிருந்தீர்கள். சமூகப்பணிப் படிப்புக்காக ஒரு கிராமத்தைப் பற்றிய குறிப்பு தயாரிப்பதாகவும் சொல்லியிருந்தீர்கள். 7,641 தீவுகள் உள்ள நாடு அது. அதில் 'சராசரி கிராமம்' என்று ஒன்றை வரைந்து காட்டினால் அது எந்த ஊருக்கும் பொருந்தாது. அதனால் ஒரே ஒரு ஊரை எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

அந்த ஊர் ஆப்போ தீவு. நீக்ரோஸ் தீவின் தென்கோடியில், தாவின் நகராட்சிக்கு எதிரே, கரையிலிருந்து 10 கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் கடலில் நிற்கும் எரிமலைப் பாறைத் தீவு. பரப்பு சுமார் 75 ஹெக்டேர். 2000களில் வந்த ஒரு கணக்கு 145 குடும்பங்கள், 710 பேர் என்றது. இப்போது ஏறக்குறைய ஆயிரம் பேர். பேசும் மொழி செபுவானோ. அவர்கள் பிசாயா என்பார்கள். பவளப்பாறையும் கடலாமையும் பார்க்க உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வருவதால் பெயர் பரவலாகத் தெரியும். நான் இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் வேறு. தன் கைக்கு எட்டிய ஒரு பெரிய பிரச்சினையை இந்த ஊர் தானே தீர்த்துக்கொண்டது. கைக்கு எட்டாதவை நாற்பது வருடமாகியும் அரைகுறையாகவே கிடக்கின்றன. ஒரு பிலிப்பைன்ஸ் கிராமத்தின் பலமும் பலவீனமும் எங்கே இருக்கிறது என்று இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஊர் எனக்குத் தெரியாது.

முதலில் நிர்வாகம். நாட்டின் மிகச்சிறிய அரசு அலகுக்குப் பராங்கை என்று பெயர். நாடு முழுக்க சுமார் 42,000 பராங்கைகள். ஆப்போ தீவு முழுவதும் சேர்ந்து ஒரே பராங்கை. 1991ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம்தான் இன்றும் அடிப்படை. மக்கள் நேரடியாக ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஊரில் அவரைக் 'கேப்டன்' என்றே கூப்பிடுவார்கள். கூடவே ககாவத் எனப்படும் 7 உறுப்பினர்கள். இவர்களைத் தவிர இளைஞர் அவைத் தலைவர் ஒருவர். இளைஞர் அவைக்கு 15 வயதிலேயே ஓட்டுரிமை உண்டு, பராங்கையின் பொது நிதியில் 10 சதவீதம் அந்த அவைக்கே போகிறது. செயலாளர், பொருளாளர், ஊர்க்காவல் பார்க்கும் தானோத்கள், சுகாதாரத் தொண்டர்கள், சத்துணவுத் தொண்டர், பகல்நேரக் குழந்தைகள் மையப் பணியாளர் என்று பட்டியல் நீளும். சட்டத்தில் எழுதியிருக்கும் குறைந்தபட்ச மாத மதிப்பூதியம் தலைவருக்கு 1,000 பெசோ, உறுப்பினருக்கு 600 பெசோ. இப்போது நடைமுறையில் இதைவிடக் கூடுதலாகவே வாங்குகிறார்கள், ஆனாலும் பெரும்பாலான இடங்களில் அது ஒரு குடும்பம் நடத்தப் போதாது. ஆகவே கேப்டன் மீன்பிடிப்பவராகவோ கடை வைத்திருப்பவராகவோதான் இருப்பார். தேர்தல் குறித்த காலத்தில் நடப்பதும் அபூர்வம். 2020இல் நடக்க வேண்டியது தள்ளித் தள்ளி 2023 அக்டோபர் 30ஆம் தேதிதான் நடந்தது.

இந்த அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது லூப்போன். ஊரில் மதிப்புள்ள 10 முதல் 20 பேர் கொண்ட சமரசக் குழு அது. ஒரே நகராட்சிக்குள் குடியிருக்கும் இருவருக்கு இடையே கடன், எல்லைத் தகராறு, கைகலப்பு, அவதூறு என்று எது வந்தாலும் கோர்ட்டுக்குப் போவதற்கு முன் இங்கே வந்தே ஆக வேண்டும். கேப்டன் 15 நாள் பேசிப் பார்ப்பார். முடியவில்லையென்றால் மூன்று பேர் கொண்ட சிறு குழு உட்காரும். வக்கீல் வரக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. ஓராண்டுக்கு மேல் சிறைத்தண்டனை உள்ள குற்றங்கள் போன்ற சில மட்டும் இதற்குள் வராது. இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டால் மறுநாள் காலையில் அதே கரையில் பக்கத்துப் பக்கத்தில் படகு தள்ளியாக வேண்டிய தீவில் இது எவ்வளவு அவசியம் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் கேப்டனின் சொந்தக்காரரே ஒரு கட்சியாக இருந்தால் நியாயம் கிடைப்பது கஷ்டம். சின்ன ஊரில் எல்லாரும் யாருக்காவது சொந்தம் என்பதால் இந்தச் சிக்கல் அடிக்கடி வரும்.

சரி, பணம் எங்கிருந்து வருகிறது? தேசிய வரி வருமானத்தில் 40 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு. அதில் 20 சதவீதம் பராங்கைகளுக்கு. அந்தத் தொகையைப் பிரிக்கும்போது 60 சதவீதம் மக்கள்தொகைப்படி, 40 சதவீதம் எல்லாருக்கும் சமமாக. வந்த பணத்தில் ஐந்தில் ஒரு பங்கு வளர்ச்சிப் பணிக்கு என்றும், வருமானத்தில் 5 சதவீதம் பேரிடர் நிதிக்கு என்றும் ஒதுக்க வேண்டும். ஆயிரம் பேர் உள்ள தீவுக்கு இந்தச் சூத்திரம் எவ்வளவு கொடுக்கும்? படிக்கட்டு கட்டலாம், தெருவிளக்கு போடலாம், கூடம் ஒன்றைச் செப்பனிடலாம். கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் அமைத்து வருடக்கணக்கில் ஓட்ட முடியாது. தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்க்கும் எந்த முறையும் தீவுக்குப் பாதகமானதே. சிமென்ட் மூட்டை முதல் மருந்து வரை எல்லாம் படகேறி வரும் இடத்தில் செலவு எப்போதும் தலைக்கணக்கைத் தாண்டும்.

இனி கடல். இந்த ஊரின் வாழ்க்கை நிலை முழுக்க இதில் அடங்கியிருப்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஆப்போவின் ஆண்கள் பெரும்பாலும் மீனவர்கள். இரண்டு பக்கமும் மூங்கில் மிதவை கட்டிய சிறு படகு, தூண்டில், மூங்கில் மீன்கூடு, செவுள் வலை. தீவைச் சுற்றி சுமார் 500 மீட்டர் வரை பரவியுள்ள பவளப்பாறைதான் அவர்களுடைய வயல். 1960, 70களில் பிலிப்பைன்ஸ் கடல்கள் முழுவதிலும் வெடி வைத்து மீன் பிடிப்பது, சயனைடு பீய்ச்சுவது, பொடிக்கண் வலை எல்லாம் பரவின. மூரோ-ஆமி என்று ஒரு முறையும் இருந்தது: வரிசையாக நீந்துபவர்கள் கயிற்றில் கட்டிய கற்களால் பவளப்பாறையைத் தட்டித் தட்டி மீனை வலைக்குள் விரட்டுவார்கள். மீன் மாட்டும், பாறை உடையும். ஆப்போவிலும் இவை நுழைந்தன. பக்கத்துக் கடலில் மீன் குறைந்தது; 10 கிலோமீட்டர் வரை துடுப்புப் போட்டு வெளியே போகும் நிலை வந்தது.

அங்கேதான் ஏஞ்சல் அல்கலா வருகிறார். நீக்ரோஸ் தீவின் துமகேத்தே நகரில் 1901இல் தொடங்கப்பட்ட சில்லிமன் பல்கலைக்கழகத்தின் உயிரியலாளர். 1992இல் மக்சேசே விருதும் 2014இல் தேசிய விஞ்ஞானி என்ற பட்டமும் பெற்றவர். அவரும் சக ஆய்வாளர்களும் 1974இலேயே பக்கத்துச் செபு தீவை ஒட்டிய சுமிலோன் என்ற ஆளில்லாத் தீவில் கடலின் ஒரு பகுதியை யாரும் மீன் பிடிக்காதபடி மூடி வைத்துப் பார்த்திருந்தார்கள். 1979 முதல் ஆப்போவுக்கு வந்து பேச ஆரம்பித்தார்கள். 'இங்கே ஒரு துண்டை மூடுங்கள், மீன் பெருகும்' என்றால் எந்த மீனவர் உடனே தலையாட்டுவார்? வெளியூர் வாத்தியார் சொன்னார் என்று சோறு போடும் கடலை யாரும் மூட மாட்டார்கள். அவர்களில் சிலரை சுமிலோனுக்கே கூட்டிப்போய், மூடிய இடத்தில் மீன் எப்படி மொய்க்கிறது என்று காட்டினார்கள். மூன்று வருடப் பேச்சுக்குப் பிறகு 1982இல் 14 குடும்பங்கள் ஒப்புக்கொண்டன. தீவின் தென்கிழக்கே, நல்ல பவளம் உள்ள 450 மீட்டர் கரை. மொத்த மீன்பிடிப் பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. காவலுக்கு ஆரம்பத்தில் ஒரு குடும்பத்து ஆள் மாறி ஒரு குடும்பத்து ஆள் உட்கார்ந்தால் போதுமாயிருந்தது.

சில வருடங்களில் அந்த 450 மீட்டருக்குள் மீன் பெருத்தது கண்ணுக்கே தெரிந்தது. மூடிய பகுதியின் விளிம்பில் தூண்டில் போட்டவர்களுக்குப் பெரிய மீன் மாட்டத் தொடங்கியது. சந்தேகப்பட்டவர்களும் சேர்ந்துகொண்டார்கள். 1985இல் ஊரும் நகராட்சியும் அதை முறையாக அறிவித்தன. அதோடு நிற்கவில்லை. தீவைச் சுற்றிய முழுக் கடலுக்கும் விதி போட்டார்கள்: நாசம் செய்யும் முறைகள் கூடாது, வெளியூர்ப் படகுகள் இங்கே மீன் பிடிக்கக் கூடாது. பந்தாய் தாகத் என்ற தன்னார்வக் கடல்காவல் படை இந்த விதிகளைக் காத்தது. என்னைக் கேட்டால் அந்த 450 மீட்டரைவிட இந்த இரண்டாவது முடிவுதான் பெரியது. சின்னத் துண்டைப் பூட்டிவிட்டு மிச்சத்தை வெடிக்கு விட்டிருந்தால் ஒன்றும் தேறியிருக்காது.

பலன் என்ன? மொத்தப் பிடிப்பு மலைபோல் ஏறிவிடவில்லை. ஒரு சதுர கிலோமீட்டர் பாறையிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 20 டன் என்ற அளவில் பிற்பாடும் தொடர்ந்து கிடைத்தது. பவளப்பாறைக் கடலுக்கு அது மிக நல்ல அளவு. மாறியது உழைக்கும் நேரம். நாள் முழுக்க அலைந்து பிடித்ததை ஊருக்குப் பக்கத்திலேயே சில மணி நேரத்தில் பிடிக்க முடிந்தது. பாரை, களவாய் போன்ற பெரிய மீன்கள் மூடிய பகுதிக்குள் 20 வருடத்துக்கும் மேலாகத் தொடர்ந்து கூடிக்கொண்டே போனதை அல்கலாவும் ஆஸ்திரேலியாவின் கேரி ரஸ்ஸும் வருடாவருடம் நீருக்கடியில் எண்ணிப் பதிவு செய்தார்கள். ஒரே பாறையை இவ்வளவு நீண்ட காலம் விடாமல் கவனித்த ஆய்வுகள் உலகத்தில் குறைவு. இதற்கு நேர்மாறான கதை சுமிலோனில் நடந்தது. 1984இல் அங்கே காவல் போய் மீன்பிடி திரும்பியதும், இரண்டு வருடத்துக்குள் அந்தத் தீவைச் சுற்றி மீன் பிடித்தவர்களுக்குக் கிடைத்துவந்த பிடிப்பே பாதிக்குமேல் விழுந்துவிட்டது. சுமிலோனில் குடியிருப்பு கிடையாது, காவலுக்கு நின்றது வெளியாட்கள். ஆப்போவில் காவல் நின்றது அங்கேயே சாப்பிடுகிறவர்கள்.

கடலை வைத்துச் சுற்றுலா வந்தது. இன்று இரண்டு மூன்று தங்குமிடங்கள், வீட்டிலேயே அறை கொடுப்பவர்கள், படகோட்டிகள், சமையல்காரர்கள், கடலாமை பார்க்க வருபவர்களை அழைத்துப்போகும் உள்ளூர் வழிகாட்டிகள் என்று வேலைகள் இருக்கின்றன. பெண்கள் டி-சர்ட், துணி, சிறு நினைவுப் பொருட்களைக் கரையில் விற்கிறார்கள். பெண்களின் உழைப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 'மீனவர்' என்று எழுதும்போது அது மறைந்துவிடும். கடல் வற்றும்போது பாறையில் சிப்பியும் நத்தையும் பொறுக்குவது, மீனைத் தரம் பிரித்து அக்கரையில் விற்பது, பன்றி வளர்ப்பது, சரிவில் மரவள்ளியும் மக்காச்சோளமும் நடுவது, வீட்டுத் திண்ணையில் கடை நடத்துவது எல்லாம் அவர்கள்தான்.

அந்தத் திண்ணைக் கடைக்கு சாரி-சாரி கடை என்று பெயர். எந்த பிலிப்பைன்ஸ் கிராமத்துக்குப் போனாலும் கம்பி வலைக்குப் பின்னால் ஷாம்பு பாக்கெட் தோரணம் தொங்கும். எண்ணெய் கால் டம்ளர், வினிகர் ஒரு பொட்டலம், சிகரெட் ஒன்றே ஒன்று, பூண்டு ஒரு பல் என்று சில்லறையாக வாங்குவார்கள். தினக்கூலியும் தினசரிப் பிடிப்பும் உள்ள வீட்டில் ஒரு நாளைக்கு மேல் சாமான் வாங்கிவைக்கக் காசு இருக்காது. அதனால் கிலோ கணக்கில் மலிவாக வாங்கும் வசதியும் இருக்காது. கடைக்காரம்மா நோட்டில் எழுதி வைத்துக் கடன் கொடுப்பார். புயல் வந்து பத்து நாள் படகு இறங்காவிட்டால் ஊரே அந்த நோட்டில்தான் சாப்பிடும். அதற்கு மேல் கடன் வேண்டுமென்றால் 'ஐந்து-ஆறு': ஐந்து வாங்கினால் ஆறாகத் திருப்ப வேண்டும், அதுவும் சில வாரங்களில். பெருநிலத்துச் சந்தைகளில் மோட்டார் சைக்கிளில் வந்து தினமும் வசூலிப்பவர்களில் பலர் பஞ்சாபிலிருந்து போன இந்தியர்கள். அங்கே இந்தியர் என்றாலே 'பும்பாய்' என்றும் வட்டிக்காரர் என்றும் நினைத்துக்கொள்வார்கள்; நீங்கள் அங்கே போனால் தயாராக இருங்கள்.

சாப்பாட்டில் ஒரு விஷயம். பிலிப்பைன்ஸ் என்றால் அரிசி என்று நினைப்போம். செபு, நீக்ரோஸ் பக்கம் வெள்ளை மக்காச்சோளத்தை நொய்யாக உடைத்துச் சோறாகப் பொங்கிச் சாப்பிடும் வழக்கம் வலுவானது. வறண்ட சுண்ணாம்பு மண்ணிலும் சரிவிலும் மக்காச்சோளம்தான் விளையும். கூட சுட்ட மீன், கருவாடு, உப்பில் ஊறவைத்த நெத்திலி, வினிகரில் ஊறிய பச்சை மீன். புரதத்துக்கு ஆப்போவில் குறையில்லை. காய்கறிதான் அக்கரையிலிருந்து வர வேண்டும். ஊருக்கு எதிரே ஸம்போவாங்கிதா நகராட்சியில் மலாத்தாபாய் என்ற இடத்தில் புதன்கிழமைதோறும் பெரிய சந்தை கூடும். மாடு, பன்றி, மீன், காய், துணி எல்லாம் கடற்கரையிலேயே விற்கும். ஆப்போவுக்கான படகுகளும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. வானிலை நன்றாக இருந்தால் அரை மணி முதல் முக்கால் மணி நேரம்.

இப்போது கைக்கு எட்டாத விஷயங்களுக்கு வருகிறேன். முதலாவது தண்ணீர். தீவில் ஆறு, ஓடை கிடையாது. கிணற்றுத் தண்ணீரில் உப்பு கரிக்கும். அது குளிக்க, துவைக்க. மழை பெய்தால் தகரக் கூரையிலிருந்து தொட்டியில் பிடிப்பார்கள். குடிக்கவும் சமைக்கவும் அக்கரையிலிருந்து கேன்களில் படகேறி வரும். சுற்றுலாப் பயணி ஒருவர் காலையில் ஒரு முறை நல்ல தண்ணீரில் குளித்தால், ஒரு வீட்டின் சமையலுக்கான தண்ணீர் அதில் போய்விடும். ஆகவே சுற்றுலா வளர வளர தண்ணீர்ப் பிரச்சினையும் வளர்கிறது. கேன் தண்ணீருக்குக் காசு கொடுப்பதுடன் படகுக்கூலியும் சேரும். மீன் வருமானம் கூடினாலும் அக்கரையில் இருப்பவர் இலவசமாகவோ அற்பத் தொகைக்கோ பெறும் ஒன்றுக்கு இவர்கள் வாழ்நாள் முழுக்கச் செலவழிக்கிறார்கள்.

அடுத்து மின்சாரம். நீண்ட காலமாக ஊருக்கு டீசல் ஜெனரேட்டர், மாலையில் சில மணி நேரம் மட்டும். பிற்பாடு சூரியத் தகடுகள் வந்தன. மின்சாரம் இடைவிடாமல் இல்லாத ஊரில் ஐஸ் இல்லை. ஐஸ் இல்லாமல் மீனை வைத்திருந்து விலை பேச முடியாது. பிடித்த அன்றே, வாங்க வந்தவர் சொன்ன விலைக்கு விற்க வேண்டும். கடலை இவ்வளவு நன்றாகக் காத்த ஊருக்கு அந்த மீனின் முழு விலை கைக்கு வராததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மருத்துவம்: பராங்கைச் சுகாதார நிலையம் உண்டு. தடுப்பூசி, கர்ப்பகாலக் கவனிப்பு, காய்ச்சல் மருந்து, குழந்தைகளின் எடை பார்ப்பது போன்றவற்றைச் சுகாதாரத் தொண்டர்கள் பார்த்துக்கொள்வார்கள். சிக்கலான பிரசவம், மாரடைப்பு, ஆபரேஷன் என்றால் படகில் அக்கரை, அங்கிருந்து சாலை வழியே துமகேத்தே. ஜூன் முதல் அக்டோபர் வரை தென்மேற்குக் காற்று, அதன்பின் வடகிழக்குக் காற்று. புயல் எச்சரிக்கைக் கொடி ஏறிவிட்டால் கடலோரக் காவல்படை எந்தப் படகையும் விடாது. நோய் அந்த நேரம் பார்த்து வந்தால் தீவிலேயே காத்திருக்க வேண்டியதுதான். எந்தத் தீவுக் கிராமத்தின் குறிப்பை எழுதினாலும் மருத்துவமனை எத்தனை கிலோமீட்டர் என்று எழுதாதீர்கள். வருடத்தில் எத்தனை நாள் அங்கே போக முடியாது என்று எழுதுங்கள்.

பள்ளிக் கதை கொஞ்சம் நல்லது. தீவில் தொடக்கப்பள்ளியும் பிறகு உயர்நிலைப் பள்ளியும் இயங்குகின்றன. சுற்றுலா வருமானம் அதற்கு உதவியது. கல்லூரிக்கு துமகேத்தே. அந்த ஊரே பல்கலைக்கழக ஊர் என்பதால், படகுக்காசும் தங்கும் செலவும் சமாளித்தால் நல்ல படிப்பு எட்டும் தூரத்தில் இருக்கிறது. ஏழைக் குடும்பங்களுக்கு 2008இல் தொடங்கி 2019இல் சட்டமான 'பந்தாவித்' என்ற நிபந்தனை உதவித்தொகை முக்கியம். பிள்ளைகள் 85 சதவீத வருகை வைத்திருக்க வேண்டும், தடுப்பூசி, பரிசோதனை தவறக் கூடாது, பெற்றோர் மாதாந்தரக் கூட்டத்துக்கு வர வேண்டும். சட்டப்படி தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு மாதம் 300 பெசோ, உயர்நிலைக்கு 500, மேல்நிலைக்கு 700, குடும்பத்துக்கு மூன்று பிள்ளைகள் வரை, சுகாதாரத்துக்கு 750. பெரிய தொகை இல்லைதான். ஆனால் பணம் பெரும்பாலும் அம்மாக்களின் அட்டையில் விழுகிறது என்பதால் அது அரிசியாகவும் நோட்டுப் புத்தகமாகவும் மாறும் வாய்ப்பு அதிகம்.

நாட்டளவில் இந்த ஊர் எங்கே நிற்கிறது என்று தெரிய சில எண்கள். 2023இல் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு வறுமைக்கோடு மாதம் 13,873 பெசோ. அதற்குக் கீழே இருந்தவர்கள் மக்கள்தொகையில் 15.5 சதவீதம். தொழில்வாரியாகப் பார்த்தால் மீனவர்களும் விவசாயிகளுமே எப்போதும் கடைசியில். 2021இல் மீனவர்களில் 30.6 சதவீதமும் விவசாயிகளில் 30 சதவீதமும் ஏழைகள். நாட்டுக்கு உணவு தருகிற இரண்டு கூட்டமும்தான் அதிகம் பசித்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. ஆப்போ மீனவர்களின் நிலை மற்ற பல கடலோரக் கிராமங்களைவிட மேல். அது அவர்களுடைய முடிவின் பலன்.

அந்த முடிவின் உரிமை அவர்களிடமே இருந்ததா என்பது அடுத்த கேள்வி. 1994இல் குடியரசுத் தலைவர் அறிவிப்பு மூலம் தீவும் சுற்றுக்கடலும் தேசியப் பாதுகாக்கப்பட்ட பகுதியாயின. காகிதத்தில் அது கௌரவம். நடைமுறையில், ஊரார் நடத்திவந்த கடல் குழுவின் அதிகாரம் சுற்றுச்சூழல் துறை அதிகாரி தலைமையிலான மேலாண்மை வாரியத்துக்குப் போனது. ஊர்ப் பிரதிநிதிகளுக்கு வாரியத்தில் இடம் உண்டு. ஆனால் பல இருக்கைகளில் சில மட்டும். பவளப்பாறை பார்க்க நீருக்கடியில் நீந்த வரும் பயணிகளிடம் வாங்கிய கட்டணம் மணிலாவில் உள்ள கருவூலத்துக்குப் போய், அதில் 75 சதவீதம் திரும்பி வர வேண்டியிருந்தது. திரும்பி வருவது பலமுறை மாதக்கணக்கில் தாமதமானது. 2000களில் அங்கே பேசிப்பார்த்த ஆய்வாளர்களிடம் மீனவர்கள் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்: முன்பு எங்கள் கடலை நாங்கள் காத்தோம், இப்போது கேட்டுக் கேட்டு நடக்கிறோம். 2013இல் சட்டம் திருத்தப்பட்டு அந்த 75 சதவீதத்தை வாரியமே வைத்துக்கொள்ள வழி வந்தது. 14 குடும்பங்கள் சம்பளமில்லாமல் செய்த காவலின் பலனைச் சேகரித்து மணிலாவுக்கு அனுப்பச் சொன்னது தவறு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நாடு முழுக்க இன்று 1,500க்கும் மேற்பட்ட கடல் பாதுகாப்புப் பகுதிகள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்கு முன்மாதிரி இந்தத் தீவு.

புயல்கள் எல்லாக் கணக்கையும் மாற்றும். 2011 டிசம்பரில் சென்டோங், 2012 டிசம்பரில் பாப்லோ என்று அடுத்தடுத்து இரண்டு புயல்களின் அலைகள் தென்கிழக்குக் கரையில் மோதி, 30 வருடம் காத்த பவளத்தைப் பெருமளவு நொறுக்கின. பவளம் போனதும் அதைச் சார்ந்த மீன்களும் குறைந்தன. மீண்டு வரட்டும் என்று அங்கே சுற்றுலாப் பயணிகள் நீருக்கடியில் நீந்துவதை நிறுத்தினார்கள். அதிர்ஷ்டவசமாகத் தீவின் மேற்குப் பக்கம் பெரும்பாலும் தப்பியது. வெளியே உள்ள கடலுக்கும் விதிகள் போட்டிருந்ததன் அருமை அப்போது தெரிந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது சுற்றுலா அப்படியே நின்றது. படகோட்டியும் வழிகாட்டியும் கையில் எடுத்தது தூண்டிலைத்தான். மீன் இருந்ததால் பசி நெருங்கவில்லை, ஆனால் பள்ளிச் செலவுக்கும் தண்ணீர் கேனுக்கும் வேண்டிய ரொக்கம் வற்றியது. 2021 டிசம்பர் 16இல் ஒடெட் புயல் விசாயாஸ் எனப்படும் நடுப்பகுதித் தீவுகளில் பலவற்றைப் புரட்டிப் போட்டது.

வீடுகள் பற்றிக் கேட்டீர்கள். பழைய வீடு மூங்கில் தட்டிச் சுவர், நீபா ஓலைக் கூரை, தரையிலிருந்து தூக்கிய மூங்கில் தளம். காற்றோட்டம் நன்றாக இருக்கும், புயலில் பறந்தாலும் ஊர்கூடிச் சில நாளில் மீண்டும் கட்டிவிடலாம். இப்போது கையில் காசு வந்தால் ஹாலோ பிளாக் சுவரும் தகரக் கூரையும். பல வீடுகள் பாதியில் நிற்கும்: கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் தூண், பூசாத சுவர். வெளிநாட்டிலோ கப்பலிலோ வேலை பார்க்கும் பிள்ளை பணம் அனுப்ப அனுப்ப வீடு உயரும். 2023இல் வெளிநாட்டுப் பிலிப்பினோக்கள் அனுப்பியது 3,700 கோடி டாலருக்கும் மேல். இன்று அந்தப் பணம் ஜிகேஷ் செயலி வழியாகச் சாரி-சாரி கடைக்காரரின் போனிலேயே ரொக்கமாகிறது.

மலையில் நெல் விளைக்கும் ஊரிலும் தென்னந்தோப்பு ஊரிலும் படம் வேறாக இருக்கும். அங்கே முதல் கேள்வி நிலம் யாருடையது என்பதே. கொப்பரை விலை விழுந்தால் தோப்பின் சொந்தக்காரரைவிட மரமேறுபவர்தான் முதலில் அடிபடுவார். பராங்கை, லூப்போன், சாரி-சாரி கடை, பந்தாவித் இவை மட்டும் எங்கேயும் மாறாது.

உங்கள் குறிப்புக்காகக் களத்துக்குப் போனால் பராங்கை அலுவலகத்தில் குடியிருப்போர் பதிவேடும் ஊர் வரைபடமும் கேளுங்கள். 2019 சட்டப்படி நடக்கும் சமூகக் கண்காணிப்புக் கணக்கெடுப்பின் வீட்டுவாரித் தகவலின் சுருக்கமும் கிடைக்கலாம். முதலில் கேப்டனைப் பார்த்து அனுமதி வாங்குங்கள். அது மரியாதை, அதில்லாமல் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அப்புறம் தண்ணீர் பற்றிய கேள்விகளை ஆண்களிடம் கேட்காதீர்கள். கேன் சுமப்பவர்களிடமும் கடை நோட்டு எழுதுபவரிடமும் கேளுங்கள்: போன மாதம் தண்ணீருக்கு எவ்வளவு ஆனது, படகு இறங்காத நாட்களில் என்ன செய்தீர்கள், நோட்டில் யாருடைய பாக்கி எத்தனை மாதமாக நிற்கிறது.